பீட்டர் ஓபியின் வாக்குகள் எந்த எல்லையில் நின்றன?

2023-ஆம் ஆண்டு நைஜீரிய அதிபர் தேர்தலில் பீட்டர் ஓபி மூன்றாம் இடத்தில் நின்றதற்கு அவர் கிறித்தவர் என்பதும் இக்போ இனத்தவர் என்பதும்தான் காரணமா, அவருடைய பிரச்சாரமே ஒரு மதப் பிரச்சாரம்தானா என்பது கேள்வி. இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்பவர்களும் உண்டு, 'இல்லை' என்று சொல்பவர்களும் உண்டு. மாநிலவாரியான வாக்குக் கணக்கைப் பார்த்தால் எனக்கு வேறொரு விடை தெரிகிறது. ஓபி மேடைகளில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்கவில்லை. ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான கட்சி அமைப்பு இல்லாத அவருக்குத் தேவாலயங்களே பெருமளவில் கட்சிக் கிளைகளின் வேலையைச் செய்தன. அவை இருந்த இடம்வரை அவருடைய வாக்கு சென்றது. அதற்கு அப்பால் அதை எடுத்துச் செல்ல ஆள் இல்லை.

முதலில் அந்நாட்டு விதிகளைப் பார்த்துவிடலாம், ஏனெனில் அங்கு எந்த வேட்பாளரின் வியூகமும் அவற்றிலிருந்தே பிறக்கிறது. நைஜீரியாவில் 36 மாநிலங்களும் அபுஜாவை உள்ளடக்கிய தலைநகர்ப் பகுதியும் உள்ளன. 1999 அரசியலமைப்பின் 134-ஆம் பிரிவின்படி, மற்றவர்களைவிடக் கூடுதல் வாக்குப் பெற்றால் மட்டும் ஒருவர் அதிபராகிவிட முடியாது. மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 24 மாநிலங்களில், பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்கையாவது அவர் பெற்றிருக்க வேண்டும். இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிழக்குப் பகுதி தனிநாடாகப் பிரிய முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போருக்குப் பிறகு, ஒரு இனத்தையோ ஒரு வட்டாரத்தையோ மட்டும் நம்பி எவரும் நாட்டைப் பிடித்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் 1979-இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு அரசுக்கென ஒரு மதம் இருப்பதைத் தடுக்கிறது. கட்சிகளின் பெயரிலும் சின்னத்திலும் இனச்சாயலோ மதச்சாயலோ இருக்கக் கூடாது என்கிறது 222-ஆம் பிரிவு. அங்கு முஸ்லிம்கள் எத்தனை பேர், கிறித்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அரசுக் கணக்கும் கிடையாது. 1991, 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மதம் பற்றிய கேள்வியே விலக்கப்பட்டது. இரு பெரும் மதங்களும் ஏறக்குறையச் சம பலம் கொண்டவை என்று வைத்துக்கொண்டுதான் எல்லாக் கட்சிகளும் கணக்குப் போடுகின்றன.

எழுதப்படாத விதிகள் இன்னும் வலுவானவை. ஒரு முறை வடக்கிலிருந்து அதிபர் வந்தால் அடுத்த முறை தெற்கிலிருந்து வர வேண்டும். அதிபர் முஸ்லிம் என்றால் துணை அதிபர் கிறித்தவராகவும், அதிபர் கிறித்தவர் என்றால் துணை அதிபர் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். கட்சிக்காரர்கள் முதல் தெருவில் பேசிக்கொள்பவர்கள் வரை அனைவரும் இதை ஒரு நியாயமாகவே கருதுகின்றனர். வடக்கில் உள்ள கட்சினாவைச் சேர்ந்த முஸ்லிமான முகமது புகாரி 2015 முதல் எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்தபோது, தெற்கைச் சேர்ந்த பெந்தகொஸ்தே போதகர் யெமி ஒசின்பாஜோ துணை அதிபராக இருந்தார். ஆக 2023-இல் தெற்கின் முறை என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது. தெற்கிலோ இரண்டு பெரும் இனங்கள். தென்மேற்கின் யொரூபா மக்கள் 1999 முதல் 2007 வரை ஒலுசெகுன் ஒபசாஞ்சோ வழியாக அதிபர் பதவியைப் பார்த்துவிட்டவர்கள். தென்கிழக்கின் இக்போ மக்களில் ஒருவர்கூடத் தேர்தல் வழியாக அதிகாரமுள்ள அதிபராக வந்ததில்லை. நம்டி அசிகிவே 1963-இல் வகித்தது பெயரளவிலான பதவி. அலெக்ஸ் எக்வுவெமே துணை அதிபராக மட்டும் இருந்தவர். போரின் காயத்தோடு சேர்ந்து இந்த ஏக்கமும் ஓபியின் பின்னணியில் எப்போதும் இருந்தது.

ஓபி அனம்ப்ரா மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அங்கு ஆளுநர் என்பவர் நம் நாட்டு ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநில நிதியைக் கையில் வைத்திருக்கும் முதலமைச்சருக்கு இணையானவர். 1961-இல் ஒனிட்ஷா நகரில் ஒரு கத்தோலிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்த ஓபி, 2003 தேர்தலில் ஒரு சிறிய வட்டாரக் கட்சியின் சார்பில் நின்றார். வேறொருவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டு வழக்காடி 2006 மார்ச்சில் பதவியைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. நீதிமன்றம் மீண்டும் அமர்த்தியது. 2007 தேர்தலில் மற்றொருவர் ஆளுநராகப் பதவியேற்றபோது, தன்னுடைய நான்காண்டுக் காலம் 2006-இல்தான் தொடங்கியது என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார். புதிய ஆளுநர் சில நாட்களிலேயே வெளியேற நேர்ந்தது. 2010-இல் மறுபடியும் வென்று 2014 வரை ஆண்டார். வழக்காடியே ஆட்சியைப் பிடித்துத் தக்கவைத்தவர் என்பதால்தான், 2023 முடிவு வந்த அன்றே அவர் நீதிமன்றம் செல்வார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அவருடைய ஆளுநர் காலத்துச் செயல் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பியாஃப்ரா போர் முடிந்தபின் 1970-இல் அன்றைய கிழக்கு மத்திய மாநில அரசு, மிஷன் பள்ளிகளைத் தன்வசப்படுத்தியிருந்தது. ஓபியின் அரசு அவற்றில் பலவற்றைக் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளிடமே திருப்பிக் கொடுத்து, நடத்துவதற்கு நிதியும் வழங்கியது. கல்விச் சீர்திருத்தம் என்று அதை அவர் விளக்கினார், தேர்ச்சி விகிதம் உயர்ந்ததையும் சுட்டிக்காட்டினார். அரசியல் பக்கத்தில் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஆயர்களுக்கும் குருக்களுக்கும் ஓபி நம்பிக்கைக்குரிய மனிதராக ஆனார். பின்னாளில் கட்சி அமைப்பு இல்லாமல் நின்றபோது அவருக்கு இருந்த சேமிப்பு அதுதான்.

கட்சி அமைப்பு இல்லாமல் போனது எப்படி என்றால், 2019-இல் மக்கள் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரும் வடக்கத்தியருமான அதிகு அபுபக்கருக்குத் துணையாக நின்று தோற்ற ஓபி, 2022-இல் அதே கட்சியில் அதிபர் வேட்பாளராக முயன்றார். வேட்பாளர் தேர்வில் பணம் தண்ணீராக ஓடும் என்பதும், தெற்கின் முறையைப் பொருட்படுத்தாமல் அதிகுவே மறுபடியும் வருவார் என்பதும் தெரிந்த நிலையில், தேர்வுக்குச் சில நாட்கள் முன்பாக, மே மாத இறுதியில், அவர் கட்சியை விட்டு வெளியேறித் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். அக்கட்சிக்கு அப்போது ஒரு மாநில ஆளுநர்கூடக் கிடையாது. ஆளுநர்களின் பணமும் ஆள்பலமும் தேர்தலைத் தீர்மானிக்கும் நாட்டில் இது எத்தகைய குறை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் இருந்த 1,76,846 வாக்குச்சாவடிகளில் இரு பெரிய கட்சிகளும் ஏறத்தாழ அனைத்துக்கும் முகவர்களை அமர்த்தின. தொழிலாளர் கட்சியால் சுமார் 1,35,000 முகவர்களை மட்டுமே பதிவு செய்ய முடிந்தது.

அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பியவர்கள் நகரத்து இளைஞர்கள். 2020 அக்டோபரில் காவல்துறையின் கொடுமைக்கு எதிராக எழுந்து, லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் துப்பாக்கிச் சூட்டோடு முடிந்த போராட்டத்தின் கோபம் அவர்களிடம் இருந்தது. ஓபியின் பெயரை வைத்துச் சொல்விளையாட்டாக 'ஒபிடியன்ட்' என்று தங்களை அழைத்துக்கொண்ட அவர்கள் சொந்தச் செலவில் பேரணி நடத்தினார்கள். ஓபி தன்னிடம் ஒரே கைக்கடிகாரமும் இரண்டு இணைக் கறுப்புக் காலணிகளும்தான் உள்ளன என்று சொல்லிவந்தார். வாக்குக்கு ஒரு சல்லிக்காசும் தர மாட்டோம் என்ற பொருளில் ஆங்கிலம் கலந்த பேச்சுமொழியான பிட்ஜினில் ஒரு முழக்கமும் உருவானது. நுகரும் நாட்டை உற்பத்தி செய்யும் நாடாக மாற்றுவேன் என்பதே அவர் எல்லா ஊரிலும் பேசிய பேச்சு. (வரிச்சலுகை நாடுகளில் அவர் வைத்திருந்த நிறுவனங்கள் 2021-இல் பண்டோரா ஆவணங்களில் வெளிவந்ததை எதிரணியினர் நினைவூட்டத் தவறவில்லை, சட்டத்தை மீறவில்லை என்று அவர் பதிலளித்தார்.) இனத்தையும் மதத்தையும் பார்த்துத் தனக்கு வாக்களிக்க வேண்டாம், எந்த இனத்தவருக்கும் சந்தையில் ரொட்டி மலிவாகக் கிடைப்பதில்லை என்றார். துணை வேட்பாளராகக் கடுனாவைச் சேர்ந்த முஸ்லிமான யூசுஃப் தத்தி பாபா-அகமதுவைத் தேர்ந்தெடுத்தார். எழுதப்படாத விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய கூட்டணி அது.

விதியை மீறியவர் அத்தேர்தலில் வென்ற போலா தினுபு. ஓபியை மட்டும் வட்டாரத் தலைவர் என்று பேசும்போது இவர் மறந்துபோகிறார் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1999 முதல் 2007 வரை லாகோஸ் ஆளுநராக இருந்த தினுபுவின் கட்சி, யொரூபா தென்மேற்குக்கு வெளியே பெரிதாகக் காலூன்றாத கட்சி. ஆனால் 2013-இல் அதைப் புகாரியின் வடக்குக் கட்சியோடும் வேறு சிலவற்றோடும் இணைத்து, 2015 முதல் ஆளுங்கட்சியான அனைத்து முற்போக்காளர் காங்கிரசை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். 2015-இல் புகாரிக்குத் துணையாக அவரே நின்றிருப்பார். இருவரும் முஸ்லிம்கள் என்ற ஒரே தடையால்தான் அந்த இடம் ஒசின்பாஜோவுக்குப் போனது என்பது கட்சிக்குள் வெளிப்படையாகப் பேசப்பட்ட செய்தி. அந்த மனிதரே 2022 ஜூலையில், போர்னோவின் முன்னாள் ஆளுநரான காஷிம் ஷெட்டிமா என்ற முஸ்லிமைத் தன் துணை வேட்பாளராக அறிவித்தார். தெற்கத்திய முஸ்லிமான தான் ஒரு வடக்கத்தியக் கிறித்தவரைச் சேர்த்துக்கொண்டால், அதிகுவும் நான்காவது முக்கிய வேட்பாளரான குவான்குவாசோவும் களத்தில் நிற்கும் வடக்கில் முஸ்லிம் வாக்குகள் கைநழுவிப் போகும் என்பது அவர் போட்ட கணக்கு. 1993-இல் எம்.கே.ஓ. அபியோலாவும் பாபாகானா கிங்கிபேயும் இதே போன்ற இணையாக நின்று முன்னிலை பெற்றதும், இராணுவ அரசு அந்தத் தேர்தலையே ரத்து செய்ததும் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டன. தினுபுவின் மனைவி ஒலுரெமி ஒரு பெந்தகொஸ்தே சபையின் போதகர் என்பதும் அடிக்கடி நினைவூட்டப்பட்டது.

நைஜீரியக் கிறித்தவர் சங்கம் கொதித்தெழுந்தது. ஷெட்டிமாவை முறைப்படி அறிமுகம் செய்த விழாவில் ஆயர் அங்கியணிந்த சிலர் வந்து அமர, அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆயர்களே அல்லர் என்று சங்கம் அறிவிக்க, அது சில வாரங்களுக்கு நாடெங்கும் கேலிப் பொருளாயிற்று. ஆளுங்கட்சியில் இருந்த வடக்கத்தியக் கிறித்தவத் தலைவர்கள் மனம் உடைந்தனர். ஆனால் அவர்களும் ஒரே பக்கம் போகவில்லை: முன்னாள் நாடாளுமன்றச் சபாநாயகர் யாகுபு தொகாரா அதிகுவை ஆதரித்தார், புகாரி அரசின் முன்னாள் செயலர் பபாச்சிர் லவால் ஓபியை ஆதரித்தார். அதிகு வடக்கத்திய முஸ்லிம், தினுபு–ஷெட்டிமா இருவரும் முஸ்லிம்கள், குவான்குவாசோவும் முஸ்லிம். நான்கு முக்கிய வேட்பாளர்களில் ஓபி ஒருவரே கிறித்தவர் என்ற நிலையை ஓபி உருவாக்கவில்லை. மற்ற மூன்று கட்சிகளும் எடுத்த முடிவுகள் சேர்ந்து அதை உருவாக்கின.

அந்த நிலையை அவர் பயன்படுத்திக்கொண்டாரா என்றால், பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் சொல்வேன். வழிபாட்டிடங்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 தேர்தல் சட்டமே சொல்கிறது. வழிபாட்டுக்கு வந்த ஒருவரைக் கூட்டம் ஆர்ப்பரித்து வரவேற்பதைச் சட்டம் தடுக்க முடியாது. 2022 ஆகஸ்டில் லாகோஸ்–இபாதான் நெடுஞ்சாலையை ஒட்டிய மாபெரும் பெந்தகொஸ்தே முகாமில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு எந்தக் கட்சி மாநாட்டுக்கும் குறைந்ததன்று. கத்தோலிக்கத் திருத்தலங்களிலும் பெந்தகொஸ்தே பேராலயங்களிலும் அவர் தொடர்ந்து காணப்பட்டார். மசூதிகளுக்கும் சென்றார், வடக்கத்தியத் தலைவர்கள் கடுனாவில் வேட்பாளர்களை அழைத்துக் கேள்வி கேட்ட அரங்கிலும் அமர்ந்தார். ஆனால் அங்கெல்லாம் அவரை மறுநாள் வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்ல ஆள் இருக்கவில்லை. தேர்தலுக்குப் பிறகு, 2023 ஏப்ரலில், புகழ்பெற்ற போதகர் ஒருவரிடம் இத்தேர்தலை ஒரு மதப்போர் என்று ஓபி சொல்லி ஆதரவு கேட்பதாக ஓர் ஒலிப்பதிவு வெளியானது. அது திரிக்கப்பட்டது என்று அவர் தரப்பு மறுத்தது. அது உண்மையோ பொய்யோ, அவருடைய வாக்குப்பரப்பை விளக்க அந்த ஒலிப்பதிவு தேவையில்லை என்பது என் கருத்து.

அந்தப் பரப்பை இனி எண்களில் காணலாம். 2023 பிப்ரவரி 25-இல் நடந்த தேர்தலில் தினுபு 87,94,726 வாக்குகளும், அதிகு 69,84,520 வாக்குகளும், ஓபி 61,01,533 வாக்குகளும், குவான்குவாசோ 14,96,687 வாக்குகளும் பெற்றதாகத் தேர்தல் ஆணையம் மார்ச் 1-இல் அறிவித்தது. வெறும் இன வாக்கு என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. இக்போ தாயகமான ஐந்து தென்கிழக்கு மாநிலங்கள் ஓபிக்குத் தந்தவை ஏறத்தாழ 19.5 லட்சம் வாக்குகள். அவருடைய மொத்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அதற்கு வெளியிலிருந்து வந்தன. உண்மையில் ஒரே மாநிலத்துக்குள் முடங்கியவர் குவான்குவாசோதான்: அவருடைய வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு, அவர் இருமுறை ஆளுநராக இருந்த கானோவிலிருந்து வந்தவை. தினுபுவின் சொந்தக் கோட்டையான லாகோஸில் ஓபி 5,82,454 வாக்குகளும் தினுபு 5,72,606 வாக்குகளும் பெற்றனர். தலைநகர்ப் பகுதியில் ஓபிக்கு 61 விழுக்காடு கிடைத்தது. தன் பிரச்சாரத்தை அவர் தொடங்கிய நசராவா மாநிலத்தையும், அதற்கு அடுத்த பிளாட்டோவையும் வென்றார். இரண்டும் வடக்கின் பகுதியாகவே எண்ணப்படுபவை, கிறித்தவர்கள் பெருமளவில் வாழும் நடுப்பட்டை மாநிலங்கள்.

வடமேற்கைப் பார்க்கும்போது படம் மாறுகிறது. 2.2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுபெற்ற வாக்காளர்களைக் கொண்ட, நாட்டிலேயே பெரிய மண்டலம் அது. அதன் ஏழு மாநிலங்களிலும் சேர்த்து ஓபி பெற்றவை 3,50,182 வாக்குகள்; அவற்றில் 2,94,494 கடுனாவில் மட்டும் விழுந்தவை. கடுனாவின் தென்பகுதி கிறித்தவப் பகுதி. மீதமுள்ள ஆறு மாநிலங்களில் அவருக்கு விழுந்தவை மொத்தம் 56,000-க்கும் குறைவு. ஜிகாவாவில் 1,889, சம்ஃபாராவில் 1,660. துணை வேட்பாளர் அதே மண்டலத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்பதால் அங்கே எதுவும் நடந்துவிடவில்லை; உள்ளூர்க் கிளை இல்லாத கட்சியில் துணை வேட்பாளரின் மதம் சுவரொட்டியில் மட்டுமே வேலை செய்யும். யொரூபாவான தினுபுவோ அதே வடமேற்கில் 26,52,235 வாக்குகள் பெற்றார். அவருடைய சொந்த மண்டலமான தென்மேற்கில் பெற்றவை 22,79,407 மட்டுமே. சொந்த ஊரைவிட அயலூரில் கூடுதலாக வாங்கிய வட்டாரத் தலைவர் என்று அவரைச் சொல்லலாம். அங்குள்ள ஆளுநர்களோடு பத்தாண்டுகளாகக் கட்டிவைத்த உறவின் பலன் அது.

மதம் ஒன்றே தீர்மானித்திருந்தால் பெனுவே ஓபியிடம் போயிருக்க வேண்டும். பெரும்பான்மைக் கிறித்தவ மாநிலம். மேய்ப்பர்–உழவர் மோதல்களால் கூட்டாட்சி அரசின்மேல் கடுங்கோபம் கொண்ட மாநிலம். அதன் அப்போதைய ஆளுநர் சாமுவேல் ஒர்ட்டம் வேறு கட்சிக்காரராக இருந்தும் ஓபியையே ஆதரித்தார். ஆயினும் இரு முஸ்லிம்களின் கூட்டணிக்கு அங்கே 3,10,468 வாக்குகளும் ஓபிக்கு 3,08,372 வாக்குகளும் விழுந்தன. காரணம், ஆளுங்கட்சி அந்த மாநில ஆளுநர் பதவிக்கு ஹயசின்த் அலியா என்ற பெரும் செல்வாக்குள்ள கத்தோலிக்கக் குருவை நிறுத்தியிருந்தது. உள்ளூரில் வலுவான வேட்பாளரும் அமைப்பும் இருந்தால், மத உணர்ச்சி கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் வாக்கைத் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அத்தேர்தலில் இல்லை.

முறைகேடுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வாக்குச்சாவடி முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவதாகத் தேர்தல் ஆணையம் உறுதியளித்திருந்தது. அதிபர் தேர்தல் முடிவுகளுக்கு அன்றைய நாளில் அது நடக்கவில்லை. ரிவர்ஸ் மாநிலத்தில் அறிவிக்கப்பட்ட எண்கள் வாக்குச்சாவடித் தாள்களோடு பொருந்தவில்லை என்ற குற்றச்சாட்டு வலுவானது. பணத்தாள் மாற்றத்தால் ஏற்பட்ட ரொக்கத் தட்டுப்பாடும் வாக்காளர்களை வாட்டியது, 9.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தும் வாக்களித்தோர் கால்பங்கைச் சற்றே தாண்டினர். தலைநகர்ப் பகுதியிலும் 25 விழுக்காடு பெற்றாக வேண்டும், தினுபுவுக்கு அது கிடைக்காததால் அவர் தேர்வு செல்லாது என்ற வாதத்தை 2023 செப்டம்பர் 6-இல் தேர்தல் தீர்ப்பாயமும், அக்டோபர் 26-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. ரிவர்ஸ் போன்ற இடங்களைத் திருத்திக் கணக்கிட்டாலும் வடமேற்கின் பள்ளம் நிரம்பாது என்றே நான் மதிப்பிடுகிறேன். 24 மாநிலங்கள் என்ற வரம்பு ஓபிக்கு வெகுதொலைவில் இருந்தது.

அதிகுவும் ஓபியும் பிரியாமல் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்ற கூற்றும் இதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இருவரின் வாக்குகளையும் கூட்டினால் 1.3 கோடி வருகிறது, தினுபுவின் வாக்குகளைவிட 43 லட்சம் அதிகம். ஆனால் அவ்விருவரும் சேர்ந்து நின்ற 2019-இல் அவர்கள் பெற்றவை 1,12,62,978 வாக்குகள். புகாரி 1,51,91,847 வாக்குகளோடு வென்றார். மொத்த வாக்குப்பதிவு குறைந்த 2023-இல் தனித்தனியாக நின்று அவர்கள் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள் என்றால், அந்தக் கூடுதலின் ஒரு பகுதி அவர்கள் பிரிந்து நின்றதாலேயே வந்தது. 2019-இல் புகாரியிடம் போன லாகோஸும் நசராவாவும், அதிகுவின் பெயருக்குக் கீழே ஓபியின் பெயர் இருந்தபோது அசையவில்லை. ஓபி தனியாக நின்றபோதுதான் அவரிடம் வந்தன.